இரண்டாவது தோட்டா

மந்திரமூர்த்திக்குக் காட்டுப்பன்றியைவிடத் துப்பாக்கியைக் கண்டால்தான் பயம். கடையம் பக்கம் மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருந்தார். பன்றிகளை விரட்ட லைசென்ஸ் எடுத்து, துப்பாக்கியும் வாங்கிவிட்டார். அதைத் தொட்டாலே கை உதறியது. வேறு வழியில்லாமல், ஐம்பது வயதுக்கு மேல் வெட்கத்தை விட்டு, துப்பாக்கி சுடப் பழக்கும் பியூலா டீச்சரிடம் போய்ச் சேர்ந்தார். டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான்.

பாடம் மட்டும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"சொல்லுங்க அண்ணாச்சி, இது எப்படி வேலை செய்யுது?"

"குழலுக்குக் கீழ ஒரு குழாய். மிச்சத் தோட்டா அதுல வரிசையா கெடக்கும். விசையை இழுத்தா ஒண்ணு வெடிக்கும். வெடிச்ச வேகமே பூட்டைப் பின்னால தள்ளி, காலித் தோட்டாவை வெளிய எறிஞ்சிரும். அடுத்தது தானா ஏறிக்கிடும். நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"சரியாச் சொல்லிட்டீங்க."

"டீச்சர், இந்தப் பயம் எப்பப் போவும்?"

டீச்சர் தூரத்து மண்மேட்டில் ஒரு பழைய பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

"ரெண்டு தோட்டா போடுங்க. சுடுங்க."

வேர்த்து வழிய, சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு மந்திரமூர்த்தி சுட்டார். முதல் வெடியிலேயே பானை சில்லுச் சில்லாகச் சிதறியது.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் ஒற்றைக் குழல் துப்பாக்கியைப் பார்த்து வளர்ந்தவர். ஒரு தடவை சுட்டால், அப்புறம் அது வெறும் விறகுக்கட்டை. அந்த நினைப்பிலேயே துப்பாக்கியோடு திரும்பினார்.

"போயிட்டு டீச்சர்! பயம் போயே போயிட்டு!"

குழலின் முனை டீச்சரின் நெஞ்சுக்கு நேராக நின்றது. மந்திரமூர்த்தியின் விரல் இன்னும் விசையில் இருந்தது.

டீச்சர் கத்தவில்லை. கத்தினால் அந்த விரல் திடுக்கிட்டு மடங்கிவிடும். உதடு மட்டும் வெளுத்துப்போயிற்று.

"அண்ணாச்சி, விரலை மெதுவா வெளிய எடுங்க."

எடுத்தார்.

"முனையை மேட்டுப் பக்கம் திருப்புங்க."

திருப்பினார். எதற்கென்று இன்னும் விளங்கவில்லை. டீச்சர் வந்து துப்பாக்கியை வாங்கி, பூட்டை இழுத்தார். வெடிக்காத முழுத் தோட்டா ஒன்று மந்திரமூர்த்தியின் காலடியில் விழுந்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"கொல்லப் பாத்தேனே டீச்சர்... உங்களக் கொல்லப் பாத்தேனே..."

டீச்சர் குழாய்க்குள் விரலை விட்டு, வேறு தோட்டா இல்லை என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இந்தச் சனியனே எனக்கு வேண்டாம். பன்னி தின்னா தின்னுட்டுப் போவட்டும். இதைப் பாருங்க, முன்னவிட மோசமா நடுங்குது."

இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார்.

நீட்டிய கைகளில் டீச்சர் துப்பாக்கியை வைத்தார்.

"இப்பத்தான் அண்ணாச்சி, இதை உங்க கையில தர எனக்குப் பயமில்ல."