ஆள்காட்டி கேட்கும் கேள்வி

அந்தக் காலத்தில் மனுஷன் பேசுவது குருவிக்குப் புரியும், குருவி பேசுவது மனுஷனுக்குப் புரியும். புரிந்ததால் பெரிய நன்மை ஒன்றும் வந்துவிடவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஓடைக்கரை என்று ஓர் ஊர். மழையை நம்பிக் கம்பும் சோளமும் விதைக்கிற ஊர். அங்கே இருளாண்டி என்றொரு சம்சாரி, உழுது பிழைக்கிறவர், இருந்தார். அவருடைய நிலத்தில்தான் ஒரு நெட்டைக்கால் குருவி முட்டையிடும். பாவம், அதற்குக் கூடு கட்டத் தெரியாது. வெறுந்தரையில் நாலு கல்லைச் சேர்த்து நடுவே முட்டையை வைத்துவிடும். சுற்றிலும் புல் வளர்ந்தால் நரி வருவது தெரியாது. அதனால் உழுது, ஆடு மேய்ந்து, வெட்டவெளியாகக் கிடக்கிற மண்தான் அதற்கு வீடு. இருளாண்டி உழும்போது முட்டை இருக்கும் இடத்தை ஒரு பாய் அகலத்துக்கு விட்டுவிட்டு ஏரைத் திருப்புவார். குருவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று வருஷம் மழை இல்லை. கிணறு வற்றிப்போனது. ஜனங்கள் பானை சட்டியை வண்டியில் ஏற்றினார்கள். காக்காயும் சிட்டும் வண்டிக்குப் பின்னாலேயே கிளம்பிவிட்டன. அவை விவரமானவை. நெட்டைக்கால் குருவி மட்டும் மாட்டுக்கு முன்னால் வந்து நின்றது.

"அண்ணே, போறியா?" என்று கேட்டது.

நம் பக்கத்தில் கிளம்புகிறவர்கள் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். அது செத்தவர்களுக்கான சொல். திரும்பி வருகிற எண்ணம் துளிகூட இல்லாவிட்டாலும் வாய் அதைச் சொல்லாது.

"போயிட்டு வர்றோம், தங்கச்சி" என்றார் இருளாண்டி.

வெறும் வாய்ப்பழக்கம். குருவிக்கு அது எப்படித் தெரியும்? வர்றோம் என்றதை அப்படியே எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது.

அடுத்த வருஷமே மழை கொட்டித் தீர்த்தது. உழத்தான் ஆள் இல்லை. முதலில் கோரை வந்தது, பிறகு முள். முள் நிழலில் மான் வந்து படுத்தது. இடிந்த வீடுகளுக்குள் முள்ளம்பன்றி குடியேறியது. ஊருணிச் சேற்றில் காட்டுப்பன்றிகள் புரண்டன. உள்ளதைச் சொன்னால், அவை அவ்வளவு நிம்மதியாக ஒருநாளும் இருந்ததில்லை. அவற்றைக் குறை சொல்ல நான் யார்?

நெட்டைக்கால் குருவிக்குத்தான் முட்டையிட இடமில்லை. இரண்டு தடவை இட்ட முட்டையும் நரி வாய்க்குப் போனது. கடைசியில் நிலத்தின் மூலையில், இருளாண்டியின் குலசாமிக் கல்லடியில், முளைக்கிற புல்லையெல்லாம் அலகால் பிடுங்கி ஒரு பாய் அகலத்தை வெறுமையாக வைத்துக்கொண்டது. ஏன் இப்படிச் சாகிறாய் என்று பன்றிக் கூட்டத்தின் தலைவி கேட்டாள். வர்றோம்னு சொல்லியிருக்காங்க என்றது குருவி.

தலைவி ஓர் ஒப்பந்தம் பேசினாள். நரியை அந்தப் பக்கம் அண்டவிடாமல் பன்றிகள் பார்த்துக்கொள்ளும். பதிலுக்கு, மனுஷன் எவனாவது வந்தால் குருவி வாயைத் திறக்கக் கூடாது. இங்கே தண்ணீர் இருப்பது தெரிந்தால் பின்னாலேயே கோடரி வரும் அல்லவா? குருவி சம்மதித்தது. அதுவும் பெற்றவள்தானே.

நாலு முட்டை இட்டது. இன்றோ நாளையோ பொரிக்கும். ஓட்டுக்குள் குஞ்சுகள் கத்துவது அதன் வயிற்றில் கேட்டது. அன்று காலையில் இருளாண்டி தனியாக வந்தார், தாடி நரைத்து, கையில் ஒரு மஞ்சள் துணியோடு. தடம் தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே முள். வெகுநேரம் நின்று பார்த்தார், பிறகு திரும்பி நடந்தார். பன்றிகள் புதருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. குருவி அவர் முதுகைப் பார்த்தது, வயிற்றடியில் குஞ்சுகள் கத்துவதைக் கேட்டது. பொறுக்கமுடியாமல் எழுந்து பறந்தது.

"வந்துட்டியா? அண்ணே, வந்துட்டியா?"

மிரண்ட பன்றிகள் வழி பார்க்காமல் ஓடின. கல்லடியில்தான் மிதித்து ஓடின. இருளாண்டி குருவியின் குரலைப் பிடித்து முள்ளை விலக்கி வந்து சேர்ந்தபோது சாமிக் கல் இருந்தது, முட்டைகள் இல்லை. அந்தத் துப்புரவான தரையையும் உடைந்த ஓடுகளையும் பார்த்து, ஓட்டை மிதிக்காமல் ஒதுங்கி உட்கார்ந்தார். குருவி முட்டையைப் பற்றிப் பேசவே இல்லை. வந்துட்டியா என்றுதான் திரும்பவும் கேட்டது.

அவர் மஞ்சள் துணியை விரித்தார். கல்லடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி வைத்தார். அதற்குப் பிடிமண் என்று பெயர். போன ஊரில் குலசாமியை நிறுத்த அது வேண்டும். எடுத்துப் போய்விட்டால், கும்பிடக்கூட இங்கே வரவேண்டியதில்லை.

"நீ கூப்பிடலேன்னா இந்த இடம் எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா" என்றார்.

குருவி சும்மா இருந்திருந்தால் இந்தக் கல்லை வருஷாவருஷம் தேடிக்கொண்டாவது வந்திருப்பார். அதன் குரலே அதையும் முடித்துவைத்தது. முடிச்சுப் போட்டு எழுந்தவர், இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். நாக்கு புரளவில்லை.

"போயிட்டு வர்றேன், தங்கச்சி."

அன்று முதல்தான் காட்டு உயிர்கள் அதை ஆள்காட்டி என்று ஏசத் தொடங்கின. பேரும் அதுவே ஆகிவிட்டது. இன்றைக்கும் அது வெறுந்தரையில்தான் முட்டையிடுகிறது. எல்லையில் ஒரு மனுஷத் தலை தெரிந்தால் போதும், முட்டையை விட்டு எழுந்து, தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி அதே கேள்வியைக் கேட்கிறது. சனியன், என்ன கத்து கத்துகிறது என்று திட்டிவிட்டு நாம் நம் வழியே போய்விடுகிறோம்.