சூளை அதிகாரி பாய்ச்சிய தண்ணீர்

ஊருக்கு ஊர் ஓர் அரசன் இருந்த காலத்தில், வேங்கைநாட்டை அதிரதவர்மன் ஆண்டுவந்தான். காலையில் தோன்றும் விருப்பம் மாலைக்குள் ஆணையாகிவிடும். அப்படியொரு மனம் அவனுக்கு. ஒருநாள் உப்பரிகையில் நின்றவன் கண்ணைக் கரிய மேடொன்று உறுத்தியது. இரும்பை உருக்கி எடுத்தபின் உலைகளில் எஞ்சும் கசடாகிய கிட்டம் அங்கே மலைபோல் குவிந்திருந்தது. ஒரு மண்டலத்துக்குள், அதாவது நாற்பத்தெட்டு நாளுக்குள், அதை அகற்றாவிட்டால் இரும்பு உருக்கும் உலைக்குடிகள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றான்.

உலைக்குடித் தலைவி நீலாயி அவைக்கு வந்தாள். கிட்டத்தை இடித்து, சுண்ணாம்பு கூட்டி, மதிலுக்குக் கல் அறுத்துத் தருவதாகச் சொன்னாள்.

அதுவரை மதிலுக்குச் செங்கல் கொடுத்துவந்த சூளைகளின் அதிகாரி மார்த்தாண்டர் சிரித்தார். "நெருப்பில் வேகாத கல்லா? ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் குழம்பு வைத்துவிடலாமே, அம்மா."

அரசனுக்கோ ஆவல் பிறந்துவிட்டது. மண்டலம் முடியும் நாளில் பட்டத்து யானை அந்தக் கல்லின்மேல் நிற்கட்டும். கல் தாங்கினால் குடிகள் இருக்கலாம் என்றான்.

கல் அறுத்தாயிற்று. நிழலில் சில நாள் இறுகிய, சுண்ணாம்பு கூட்டிய கல்லை அதன்பின் நாள்தோறும் நனைக்க வேண்டும், காய்ந்தால் பொடிந்துவிடும். செங்கல்லை மட்டுமே அறிந்த மார்த்தாண்டருக்கு இது தெரியாது. ஆனால் ஏரி மதகு அவர் கையில் இருந்தது. உலைக்குடிகளின் வேலை தடைபடட்டும் என்று அவர்கள் கால்வாயை அடைத்தும் விட்டார்.

நீலாயி அவர் வாசலில் போய் நின்றாள். "ஐயா, மதகை இப்படியே அடைத்து வையுங்கள். கல் அடுக்கிய களத்தில் தண்ணீர் புகுந்தால் எங்கள் கதி என்னாவது?"

அவர் கனிவோடு தலையசைத்தார். மறுநாள் உச்சிப்பொழுதில், எல்லோரும் உலையருகே இருந்தபோது, களத்தில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. நீலாயி அரற்றினாள். அரற்றல் காதில் விழுந்ததும் அடுத்த நாள் மதகு இன்னொரு சாண் உயர்ந்தது. கல் ஏன் இன்னும் கரையவில்லை என்ற கவலையில் மார்த்தாண்டர் ஒருநாள்கூடத் தவறவில்லை.

குறித்த நாளில் யானை ஏறி நின்றது. கல்லில் கீறல்கூட விழவில்லை. அரசன் குனிந்து தடவிப் பார்த்தான். "வேகாத கல் எப்படி இறுகிற்று?"

"தண்ணீரால், அரசே. நாள்தோறும் பாய்ச்சியவர் இவர்தான்" என்று நீலாயி மார்த்தாண்டரைக் காட்டினாள்.

"எதற்காகப் பாய்ச்சினீர்?" என்றான் அரசன்.

மார்த்தாண்டர் கைகூப்பினார். "உலைக்குடிகள்மேல் உள்ள பரிவினால், அரசே."

அரசன் நிமிர்ந்தான். "இத்தனை பரிவை மதகுக்கு விட்டுவிடலாமா? மேடு தீரும்வரை நீரே தண்ணீரைக் குடத்தில் சுமந்து கல்லுக்கு ஊற்றும்."

உலைக்குடிகள் தங்கினார்கள், மதில்வேலையும் அவர்களுக்கே கிடைத்தது. மறுநாள் அவருடைய முதல் குடத்தை நீலாயியே தூக்கிக் கொடுத்தாள். "இடுப்பில் அணைத்து வையுங்கள், ஐயா. தோள் வலிக்காது."