பின்னால் போகாத பிரவுசர்

சீனிச்சாமி அண்ணாச்சி பொய் சொல்லவே மாட்டார். உண்மைதான் அவர் வாயை விட்டு வெளியே வரும்போது நாலு சுற்றுப் பெருத்து வரும். அருப்புக்கோட்டையில் என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து போகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார்கள். எனக்குக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கட்டடம் அவருடையது. "அண்ணாச்சி, எந்திரிங்க" என்று சொல்ல வாய் வராது.

அன்றைக்கு மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மூன்றாம் நம்பர் மெஷினில் வந்து உட்கார்ந்தவர், மூன்றரை மணியாகியும் எழுந்தபாடில்லை. முதல் மெஷினுக்குத் திரை போய் ஒரு வாரமாகிறது. இரண்டாவது பிரிண்ட் எடுக்கத்தான் லாயக்கு, நெட்டைத் தொட்டால் அப்படியே உறைந்து நின்றுவிடும். ஸ்கேனர் இணைத்திருப்பதும் மூன்றில் மட்டும்தான்.

பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் பழக்கடை ஜமால் பாய், ரேஷன் கார்டில் பேத்தி பெயரைச் சேர்க்க வந்தவர். இன்னொருத்தி முத்துச்செல்வி. நூலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும். அன்றைக்குத்தான் கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. மூன்று நாளாக வருகிறாள். மூன்று நாளும் கூட்டம் தாங்காமல் விண்ணப்பம் போடுகிற சைட் பாதியில் படுத்துக்கொண்டது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை, வயது வரம்பு இந்த வருடத்தோடு அவளுக்கு முடிகிறது. மடியில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் சான்றிதழ், போட்டோ, வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் போட்ட கையெழுத்து. கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

"அண்ணாச்சி, இந்தப் புள்ளைக்கு ஒரு அரை மணி நேரம்..." என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"பொறு கோமதி. பிரவுசரைச் செட் பண்ணிக்கிட்டு இருக்கேன்ல."

"அதுல செட் பண்ண என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டார் ஜமால் பாய். கேட்டிருக்கக் கூடாது. அண்ணாச்சி நாற்காலியை எங்கள் பக்கம் முழுசாகத் திருப்பிக்கொண்டார்.

"என்ன பாய் இப்பிடிக் கேட்டுட்டீங்க? மெஷினோட வந்த பிரவுசரையே வச்சுக்கிட்டு காலந்தள்ளுற ஆளா நானு? ஒரு மாசம், ஊருல உலகத்துல இருக்க பிரவுசரு அறுபத்திநாலையும் இறக்கிப் பாத்தேன். பொண்ணு பாக்குற மாதிரிதான். ஒண்ணு பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. ஆனா ரெண்டு பக்கத்தைத் தொறந்தா மெஷின்ல உள்ள மெமரி பூராத்தையும் தின்னுபுட்டு, பசி அடங்காம பக்கத்து மெஷின்ல போயி கை வச்சுச்சு. கோமதியோட ரெண்டாம் நம்பரு எப்பிடிப் படுத்துச்சுங்குறீங்க? இன்னொண்ணு ஊர்வம்பு. நான் என்ன தேடுறேன்னு ஊரு பூராம் போயி சொல்லுது. மூலத்துக்கு மருந்து தேடுனேன், மறுநா காலையில பால்காரன் 'இப்ப தேவலையாண்ணே'ங்குறான்!"

"அப்ப எதைத்தான் வச்சீங்க?"

"அறுபத்திநாலாவது. பேரு சொல்ல மாட்டேன், பாதுகாப்பு. அதையும் அப்பிடியே வச்சுக்கலை. பாரத்தைக் குறைச்சாத்தான வேகம் வரும்? ஒண்ணொண்ணாக் கழட்டுனேன். படம் வேணாம், கழட்டு. கலரு வேணாம், கழட்டு. மேல இருக்க பட்டையக் கழட்டு. கடைசியா அந்தப் பின்னாடி போற பட்டன் இருக்குல்ல, அதையும் பிடுங்கி எறிஞ்சேன். முன்னாடி பறக்குற பயலுக்குப் பின்னாடி போறதுக்கு என்ன சோலி?"

"சரி, வேகம் வந்துச்சா?"

"வந்துச்சாவா! மொத நாளு மவுசை அமுக்குறேன், பக்கம் வந்து நிக்குது. அதுக்கப்பறந்தான் மவுசு 'டிக்'குங்குது. சத்தத்தை முந்திருச்சு பாய்! காத்து அடிச்ச அடியில காலண்டர்ல பங்குனி, சித்திரை ரெண்டு மாசமும் கிழிஞ்சு ரோட்டுல கெடக்கு. மேசையச் சங்கிலி போட்டுக் கட்டிப்புட்டுத்தான் மறுநா உக்காந்தேன்."

நான் காலண்டரைப் பார்த்தேன். எல்லாத் தாளும் பத்திரமாக இருந்தது. அண்ணாச்சியும் பார்த்தார்.

"அது புதுக் காலண்டர்" என்றார்.

மணி மூன்றே முக்கால். முத்துச்செல்வி ஃபைலைத் திறந்து ஒரு தடவை தாள்களைச் சரிபார்த்துவிட்டு மூடினாள். இது எத்தனையாவது தடவை என்று எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. "அண்ணாச்சி, எனக்கு அஞ்சு மணிக்குள்ள..." என்று எழுந்தாள்.

"ஒக்காரு தாயி, கேட்டுட்டுப் போ. ரெண்டாவது நாளு இன்னும் மோசம். டைப் அடிக்கிறதுக்குள்ள பக்கம் வர ஆரம்பிச்சிருச்சு. 'மதுரை பஸ்ஸு எத்தனை மணிக்கு'ன்னு மனசுல நெனைக்கத்தான் செஞ்சேன், திரையில டைமு நிக்குது. வானிலையத் தொறந்தா சட்டை நனையுது. வெளிய பாத்தா ஒரு பொட்டு மேகம் இல்லை. பத்து நிமிசம் கழிச்சு அதே மழை கொட்டுது! மூணாவது நாளு பேப்பரைத் தொறக்குறேன், மறுநாப் பேப்பரு. அதுல மூணாம் பக்கத்துல, பஜார்ல வாழைப்பழத் தோல் வழுக்கி ஒருத்தரு விழுந்தாருன்னு போட்டுருக்கு. படிச்சதும் பாய் கடைக்கு ஓடியாந்து தோலைப் பொறுக்கிப் போட்டது யாரு? நான்தான். உங்களுக்கே தெரியாது பாய், நீங்க விழுக வேண்டிய ஆளு."

"விழுந்தேனே" என்றார் பாய். "போன மாசம். இன்னும் இடுப்பு வலிக்குது."

"அப்ப அது வேற தோலு."

பாய்க்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. "வேகத்தை விடுங்க. பத்திரம் எப்பிடி? எவனாச்சும் உள்ள புகுந்துட்டா?"

நான் பாயை முறைத்தேன். அந்த மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் இந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்வாள்.

அண்ணாச்சி தொடையில் தட்டிக்கொண்டார். "அப்பிடிக் கேளுங்க! மொதல்ல விளம்பரத்தை நிப்பாட்டுற சாமானை மாட்டுனேன். கொஞ்சம் கூடுதலாத் திருகிட்டேன் போல. திரையில இருந்த விளம்பரம் போச்சு. எதுத்தாப்புல ஜவுளிக்கடை போர்டு வெள்ளையாப் போச்சு. செவத்துல இருந்த போஸ்டரெல்லாம் வெத்துப் பேப்பரு. எங்க மச்சினரு, இன்சூரன்ஸ் ஏஜென்ட், வாசல்ல வந்து நிக்கிறாரு. வாயத் தொறக்குறாரு, மூடுறாரு, சத்தமே வரலை. அரை மணி நேரம் அபிநயம் பிடிச்சுட்டு மோரு குடிச்சுட்டுப் போயிட்டாரு. எம் பொண்டாட்டி அன்னைக்குத்தான் மொதத் தடவையா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா."

"பாஸ்வேர்டு?"

"நானூறு எழுத்து. இங்க பஸ் ஏறி சொல்ல ஆரம்பிச்சா மதுரை மாட்டுத்தாவணியில இறங்கும்போதுதான் முடியும். எதோ வெளிநாட்டுத் திருடன் ஒருத்தன் அதையும் மீறி உள்ள புகுந்துட்டான். புகுந்தவன் தேடுறான் தேடுறான், எடுக்க ஒண்ணும் இல்லை, நான்தான் எல்லாத்தையும் கழட்டிட்டேனே! சரி திரும்பிப் போவோம்னு பாக்குறான். எப்பிடிப் போவான்? பின்னாடி போற பட்டனு எங்க?"

ஜமால் பாய் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அடக்க முடியவில்லை.

"இன்னைக்கும் உள்ளதான் இருக்கான். பாவம், என்னத்தச் செய்ய? எழுத்துப் பிழை திருத்துற வேலை குடுத்து வச்சிருக்கேன். இதெல்லாம் கூடப் பரவால்ல. தடயமே விடாம உலாவுற முறை ஒண்ணு இருக்கு. அதைப் போட்டேன் பாருங்க, என் தடயம் நெட்டுல மட்டுமில்ல, ஊருலயே அழிஞ்சு போச்சு. தெருநாய் என்னைப் பாத்துப் புது ஆளுன்னு குலைக்குது. வீட்டுக் கதவைத் தட்டுறேன், எம் பொண்டாட்டி பாதிக் கதவைத் தொறந்து 'யாரு வேணும்?'ங்குறா. மூணு நா திண்டாடி, ஆதார் கார்டைக் காட்டித்தான் வீட்டுக்குள்ள போனேன்!"

மணி நாலு இருபது. முத்துச்செல்வியின் முகத்தைப் பார்த்தேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, அண்ணாச்சிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணாச்சி, பாய் நம்பாட்டிப் போறாரு. நீங்க சொன்னது அத்தனையும் நிஜம். அதுக்கு நானே சாட்சி."

அண்ணாச்சிக்கே திக்கென்றது. அவரை நம்புகிறேன் என்று இதுவரை யாரும் எழுந்து நின்று சொன்னதில்லை. "சாட்சியா? எப்பிடி தாயி?"

"நேத்து சாயங்காலம் எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது'ன்னு. நான் இன்னும் விண்ணப்பமே போடலையே, இதென்ன கூத்துன்னு ராத்திரி பூராம் யோசனை. இப்ப நீங்க சொல்லவும்தான் விளங்குச்சு. இன்னைக்கு நாலரை மணிக்கு இந்த மெஷின்ல உக்காந்து நான் அனுப்பப்போறேன். உங்க பிரவுசரு போற வேகத்துல அது நேத்தே போயிச் சேந்துருச்சு."

ஜமால் பாய் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"நேத்தே போயிருச்சுல்ல, அப்பறம் என்ன? வீட்டுக்குப் போக வேண்டியதுதான" என்றார் அண்ணாச்சி. குரலில் பழைய தெம்பு இல்லை.

"அதெப்பிடிங்கண்ணாச்சி? இன்னைக்கு நான் உக்காந்து அனுப்புனாத்தான நேத்துப் போயிருக்கும்? நான் உக்காரலைன்னா நேத்து வந்த மெசேஜ் பொய்யாயிரும். மெசேஜ் பொய்யாச்சுன்னா உங்க பிரவுசரு வேகமும் பொய்யாயிருமே. எம் பேரு கெட்டாப் பரவால்ல அண்ணாச்சி. உங்க பேரு கெடக் கூடாது."

அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க, அந்த மெசேஜைக் காட்டு."

"உங்க பிரவுசரு வழியா வந்தது அண்ணாச்சி. தடயம் வைக்குமா? படிச்ச மறுநிமிசமே அழிஞ்சு போச்சு."

முப்பது வருடமாக இந்த ஊரில் புளுகி, யாரிடமும் மாட்டாத மனுஷன் வாயைத் திறந்தார், மூடினார். சத்தம் வரவில்லை. அவருடைய மச்சினர் நின்றதும் இப்படித்தான் இருந்திருக்கும். பிறகு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஒக்காரு தாயி. நேத்து நடந்ததை நாம எதுக்குக் கெடுக்கணும்?"

அவள் உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றியது. அண்ணாச்சியின் பிரவுசரில் விண்ணப்பப் பக்கம் வந்தது. வந்து என்ன? 'படத்தில் உள்ள எழுத்துகளை நிரப்பவும்' என்று கேட்டது, படத்தைக் காணோம். அதுதான் கழட்டியாகிவிட்டதே. திரும்பிப் போகலாம் என்றால் அதற்கும் பட்டன் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணாச்சி துளிக்கூடப் புளுகவில்லை.

நான் அதை மூடி, மெஷினோடு வந்த சாதாரணப் பிரவுசரைத் திறந்தேன். சான்றிதழை ஸ்கேன் செய்தேன். போட்டோவின் அளவு பெரிதாக இருக்கிறது என்று சைட் இரண்டு முறை துப்பியது. சுருக்கிப் போட்டேன். நாலு நாற்பத்திரண்டுக்கு அவள் அனுப்பும் பட்டனை அமுக்கினாள். சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஜமால் பாயின் உதடு எதையோ முணுமுணுத்தது. முத்துச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு நிமிடம். எனக்கு அதற்குமுன் ஆறு நிமிடம் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

நாலு நாற்பத்தெட்டுக்குத் திரை பச்சையாக மாறி, ஒப்புகை எண் வந்தது. அதே நேரம் அவள் போனும் ஒலித்தது. 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது.' அவள் சத்தமாகப் படித்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அண்ணாச்சி எட்டி அந்த மெசேஜைப் பார்த்தார். போன தெம்பு மளமளவென்று திரும்பி வந்தது.

"பாத்தீங்களா பாய்? நேத்து வந்த அதே மெசேஜு! எம் பிரவுசரு நேத்தே குடுத்துருச்சு, இந்தச் சாதாக் கழுதைக்கு இப்பத்தான் சேதி தெரிஞ்சிருக்கு. கோமதி, நீயே சொல்லு, எது வேகம்?"

முத்துச்செல்வி எழுந்து அவருக்கு வணக்கம் போட்டாள். "உங்களதுதான் அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அண்ணாச்சி பூரித்துப்போய், காலியான நாற்காலியை இழுத்துப்போட்டார்.

ஜமால் பாய் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காராதீங்க அண்ணாச்சி" என்றார். "எம் பேத்தி பேரு சேந்துருச்சுன்னு எனக்கு முந்தாநாளே மெசேஜ் வந்துருச்சு."