தாசில்தார் நாயின் வம்சம்

கோணம்பட்டியில் புத்திசாலிகள் இருந்தார்களா என்று கேட்டால், அவர்கள் வெளியூர் போயிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மிச்சம் இருந்தது இருளப்பன், அவன் மச்சான் கொப்பையா, பக்கத்து வீட்டுச் சங்கிலி. அப்புறம் இருளப்பனின் சிப்பிப்பாறை நாய், பெயர் தாசில்தார். நாலு பேரில் நாய்க்குத்தான் கொஞ்சம் விவரம்.

அதற்கு வயசாகிவிட்டது. ஒரு குட்டிகூட இல்லை. இது செத்தால் வம்சமே போச்சே என்று இருளப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

கால்நடை டாக்டரம்மாதான் வழி சொன்னார். "மாட்டுக்குச் சினை ஊசி போடுறோம்ல, அதே மாதிரிதான். விந்தை எடுத்து உறைய வச்சிடலாம். கீழூர்ல ஒரு பெட்டை நாய் இருக்கு, அது பருவத்துக்கு வந்ததும் போட்டுக்கலாம்."

எடுக்கிற அன்றைக்கு, "நாய் கூச்சப்படும், எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றார். மூன்று பேரும் இறுக்கி மூடினார்கள். கொஞ்ச நேரத்தில், "வேலை முடிஞ்சது, கிளம்புங்க" என்றார். திறக்கச் சொல்லவில்லையே! மூடிய கண்ணோடு கிளம்பி, ஆஸ்பத்திரிச் சுவரில் வரிசையாக முட்டிக்கொண்டார்கள். தாசில்தார் மட்டும் வாசல் வழியாகப் போனது.

டாக்டரம்மா உறைய வைக்கிற நைட்ரஜன் கேன் ஒன்றைக் கொடுத்தார். "உள்ள இருக்கிற குட்டிக் குழாய்லதான் எல்லாம் இருக்கு. குளிர்ச்சி மட்டும் குறையவே கூடாது."

வீட்டுக்கு வந்ததும் சங்கிலி மூடியைத் தூக்கிப் பார்த்தான். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது.

"அடப்பாவி, கொதிக்குதுடா!"

"டாக்டரம்மா குளிர்ச்சின்னுல்ல சொன்னாங்க?" என்றான் இருளப்பன்.

"சொன்னாங்க. அடுப்பை அணைக்க மறந்திருப்பாங்க" என்றான் கொப்பையா. "உள்ள எத்தனை கோடிக் குட்டியோ, எல்லாம் வேகுது மாப்ளே!"

இருளப்பன் அடுப்படிக்கு ஓடினான். இடுக்கியால் குழாயை எடுத்து மண்பானைத் தண்ணீரில் போட்டான். கொப்பையா விசிறினான். சங்கிலி கொஞ்சம் வெட்டிவேரும் போட்டான், உடம்புக்குக் குளிர்ச்சியாம்.

பெட்டை பருவத்துக்கு வந்தது. டாக்டரம்மாவும் வந்தார். பானையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"புகை வந்தா கொதிக்குதுன்னு அர்த்தமா? எல்லாம் போச்சு! அந்தக் குளிர்லயே விட்டிருந்தா அம்பது வருஷமானாலும் அப்படியே இருந்திருக்கும்!"

இருளப்பன் மூக்கை உறிஞ்சி அழ ஆரம்பித்தான். அவருக்கே பாவமாகிவிட்டது.

"சரி, அழாதீங்க. நாய் உசுரோடதானே இருக்கு? காலையில வந்து மறுபடி எடுக்கிறேன். அதுவரைக்கும் நாயையாவது கெடாம வச்சிருங்க."

காலையில் வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. மீன் மார்க்கெட் ஐஸ் கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். டாக்டரம்மா விழுந்தடித்து ஓடி, ஐஸ் அறைக் கதவை இழுத்தார்.

தாசில்தார் குரங்குக் குல்லா போட்டு, மூன்று கம்பளிக்குள் சொகுசாகப் படுத்து மீன் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் மூன்று பேரும் வெறும் பனியனோடு பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"நாயை ஏன்யா இங்க கொண்டு வந்தீங்க?"

"குளிர்ல இருந்தா அம்பது வருஷம்னு நீங்கதானே சொன்னீங்க" என்றான் சங்கிலி.

"சரி, நீங்க மூணு பேரும் எதுக்கு உள்ள?"

"நல்லா கேட்டீங்க போங்க" என்றான் கொப்பையா. "அம்பது வருஷம் கழிச்சு இது எந்திரிச்சா, சோறு வைக்க ஆள் வேணாமா?"

இருளப்பனுக்குப் பொறுமை போய்விட்டது.

"கதவைச் சாத்துங்க டாக்டரம்மா, நாங்க கெட்டுப் போயிருவோம்!"