வயிற்றுக்கு உத்தரவு போட்ட மலைப்பாம்பு

ஒரு காட்டில் சுருளன் என்று ஒரு மலைப்பாம்பு இருந்தான். அவன் எங்கே படுத்திருப்பான் என்று தெரிந்தவர்கள் அங்கே அதிகம் பேர் இல்லை. தெரிந்துகொண்டவர்களில் பாதிப் பேரை அவன் விழுங்கிவிட்டான். மீதிப் பேர் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

சுருளனுக்குத் தன் உடம்பைப் பற்றி ஒரு பெருமை உண்டு. பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை ஒரு செதிலும் அசையாமல் கிடப்பான். எறும்பு ஊர்ந்தாலும் அசையமாட்டான். மரக்கட்டை என்று நினைத்து ஒரு காட்டுச்சேவல் அவன் முதுகில் ஏறி நின்று கூவியதுகூட உண்டு. அதன் பிறகு அது எங்கேயும் கூவவில்லை.

"என் உடம்புல என் உத்தரவு இல்லாம எதுவும் நடக்காது" என்று அவன் அடிக்கடி சொல்வான். கேட்பதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஆகவே பெரும்பாலும் முள்ளம்மாவிடம் சொல்வான்.

முள்ளம்மா ஒரு முள்ளம்பன்றி. சுருளன் குடியிருந்த வளை அவள் தோண்டியது. அவளை விழுங்குவதைப் பற்றி அவன் ஒருமுறை யோசித்துப் பார்த்தான். பிறகு அவளுடைய முட்களைப் பார்த்தான். அக்கம்பக்கத்தாரோடு அனுசரித்துப் போவதுதான் நல்லது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

"உத்தரவா?" என்றாள் முள்ளம்மா. "என் முள்ளு என்னைக் கேட்டுக்கிட்டா எந்திரிக்குது? அது முதல்ல நிக்கும். எதுக்கு நிக்குதுன்னு அப்புறம்தான் நான் திரும்பிப் பாப்பேன்."

"அதுக்குப் பேரு ஒழுங்கீனம்" என்றான் சுருளன்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. மானும் முயலும் தண்ணீரைத் தேடி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. சுருளன் பட்டினி கிடந்தான். அவனுடைய தோல், வேறு யாருடையதையோ வாங்கிப் போட்டுக்கொண்டதுபோல் தொளதொளவென்று ஆகிவிட்டது. போதாக்குறைக்குப் பனிக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

குழந்தைகளே, மலைப்பாம்பின் வயிறு வெயில் இருந்தால்தான் வேலை செய்யும். குளிர் இறங்கிவிட்டால் உள்ளே போன இரை செரிக்காது. அப்படியே கிடந்து அழுகும், விழுங்கியவனையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஆகவே பனி விழுவதற்குள் ஒரு நல்ல இரையைப் பிடித்தாக வேண்டும், செரித்தும் முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் சுருளன் அடுத்த கோடையைப் பார்க்கப் போவதில்லை. இது அவனுக்கும் நன்றாகத் தெரியும். உள்ளூரப் பயந்துகொண்டுதான் இருந்தான். வெளியில் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் ஒரு காட்டுப்பன்றிக்குட்டி கூட்டத்தைவிட்டுப் பின்தங்கி வந்தது. கிழங்கு தோண்டும் மும்முரத்தில், இதுவும் ஒரு வேர் என்று நினைத்துச் சுருளன் மேலேயே மூக்கை வைத்தது. மற்றது உங்களுக்கே தெரியும்.

குட்டியை விழுங்கியவன், கனத்த வயிற்றை இழுத்துக்கொண்டு வளைக்கு முன்னால் இருந்த பாறைக்கு வந்தான். அங்கேதான் வெயில் நாள் முழுக்க விழும். அவன் படுத்த உடனே உள்ளே வேலை தொடங்கிவிட்டது. நெஞ்சு அதற்கேற்ற தாளத்தில் அடித்தது. தசைகளில் ஓடிக்கொண்டிருந்த இரத்தம் வயிற்றைப் பார்த்து நடந்தது. வயிறு தனக்கு வேண்டிய சாற்றைத் தானே சுரந்துகொண்டது. இத்தனைக்கும் சுருளன் செய்தது ஒன்றுமில்லை. படுத்திருந்தான்.

"வயித்துக்கு உத்தரவு போட்டுட்டேன்" என்றான் முள்ளம்மாவிடம்.

"என்னன்னு?"

"செரின்னு."

"நல்லது. சொல்லலேன்னா அதுக்குத் தெரியாமப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு முள்ளம்மா வேர் கடிக்கப் போனாள்.

அதே காட்டில் பதுங்கன் என்று ஒரு நரி இருந்தான். அவனும் பட்டினிதான். சண்டை போட்டுச் சாப்பிடும் வழக்கம் அவன் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. பாறையில் கிடந்த சுருளனையும், அவன் நடு உடம்பில் பன்றிக்குட்டி வடிவத்தில் இருந்த மேட்டையும் அவன் புதருக்குப் பின்னாலிருந்து பார்த்தான். அந்த மேட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

பதுங்கனுக்கு ஒரு விஷயம் தெரியும். பயந்துபோன மலைப்பாம்பு, வயிற்றில் இருப்பதைக் கக்கிவிட்டுத்தான் ஓடும். அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு எப்படி ஓடுவது? ஓடுவதா, செரிப்பதா என்று வந்தால் உடம்பு ஓடுவதைத்தான் எடுத்துக்கொள்ளும். வேறொரு மலைப்பாம்பு அப்படிக் கக்கியதை அவன் ஒரு தடவை கண்ணால் பார்த்திருந்தான்.

அவன் வெளியே வந்தான். சுருளனின் தலை எவ்வளவு தூரம் எட்டும் என்று மனதுக்குள் அளந்து, அதற்கும் கொஞ்சம் தள்ளி, ஏதோ மரியாதைக்காகத் தள்ளி உட்கார்பவன்போல் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, சௌக்கியமா?"

"போ லே, தூங்கணும்" என்றான் சுருளன்.

"தூங்குங்க, தூங்குங்க. நான் ஒண்ணும் சொல்லல. மேட்டுப்பக்கம் செந்நாய்க் கூட்டம் இறங்கியிருக்குன்னு ஒரு பேச்சு. யாரு கண்டா? நீங்க தூங்குங்க."

பாம்புக்குக் காது இல்லை என்று சொல்வார்கள். கேட்க வேண்டாததைக் கேட்பதற்கு அது சுருளனுக்குத் தடையாக இருக்கவில்லை.

"செந்நாய்க்கெல்லாம் நான் பயப்படற ஆளா?" என்றான். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சு தாளத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. வயிற்றுக்குப் போன இரத்தம் பாதி வழியிலேயே திரும்பித் தசைகளுக்கு ஓடியது. வயிறு வேலையை நிறுத்திவிட்டு, என்ன சேதி என்று காத்திருந்தது. சுருளனின் விலா வேகமாக ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, பதுங்கன் கும்பிடு போட்டுக் கிளம்பினான்.

மறுநாளும் வந்தான். தேன் எடுக்கிற ஆட்கள் தீப்பந்தத்தோடு வருகிறார்களாம் என்றான். அதற்கடுத்த நாள், ஒரு கிழட்டுச் சிறுத்தை வழி தவறி இந்தப் பக்கம் சுற்றுகிறதாம் என்றான். ஒவ்வொரு தடவையும் சுருளன் அதெல்லாம் புளுகு என்று சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கி நாலா பக்கமும் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் வயிறு நின்றது.

"நீங்க நம்பவே வேண்டாம் அண்ணாச்சி" என்றான் பதுங்கன். "காதுல போட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்."

நரி போன பிறகும் சுருளனுக்கு நிம்மதியில்லை. காய்ந்த இலை உருண்டால் செந்நாய் என்று நினைத்தான். உருளாவிட்டால் சிறுத்தை என்று நினைத்தான். வயிற்றில் பன்றிக்குட்டி போட்டது போட்டபடி கிடந்தது. இலேசாக நாற்றம் வேறு எடுக்க ஆரம்பித்திருந்தது. காலைப் பனி பாறையில் ஈரமாய்ப் படிந்தது. இப்படியே போனால் இந்த இரையே தன்னைக் கொன்றுவிடும் என்று அவனுக்குப் புரிந்தது.

"செரி" என்று வயிற்றுக்கு உத்தரவு போட்டான். வயிறு சும்மா இருந்தது. நெஞ்சிடம் மெதுவாக அடிக்கச் சொன்னான். மெதுவாகிவிட்டதா என்று கூர்ந்து கவனித்தான். கவனிக்கக் கவனிக்க அது இன்னும் வேகமாக அடித்தது. மூச்சை அதட்டிப் பார்த்தான். அது ஒரு நொடி அடங்கி நின்று, பிறகு விட்டதற்கும் சேர்த்து வாங்கியது.

"என்னண்ணே, யாரைத் திட்டுறீங்க?" என்று முள்ளம்மா வளையிலிருந்து கேட்டாள்.

"வயித்தைத்தான். சொல் பேச்சு கேக்கமாட்டேங்குது."

"நீங்க சொல்றதை யாரு கேட்டா? நரி சொல்றதை அது கேட்டுக்கிட்டு இருக்கு" என்றாள் முள்ளம்மா. வேண்டுமானால் வளைக்குள் வந்து படுத்துக்கொள்ளுங்கள், நரி சத்தம் அவ்வளவாக வராது என்றும் சொன்னாள். ஆனால் வளை சில்லென்று இருந்தது. உள்ளே போனால் பயம் போகும், செரிமானமும் போகும். சுருளன் வெயிலை விட மனமில்லாமல் பாறையிலேயே கிடந்தான். நரி வந்தால் காது கொடுப்பதில்லை என்று வீம்பாக முடிவு செய்துகொண்டான்.

அடுத்த நாள் பதுங்கன் பேச வரவில்லை. பாறைக்குப் பின்னால் சருகு குவிந்திருந்த பள்ளத்தில் இறங்கி, தடதடவென்று குறுக்கும் நெடுக்கும் ஓடினான். ஓடிக்கொண்டே, செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதுபோல் சீழ்க்கையடித்தான். ஒரு தரம் வலப்பக்கம், ஒரு தரம் இடப்பக்கம். பாறை அதிர்ந்தது. ஒரு கூட்டமே வளைத்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

இது நரிதான் என்று சுருளனுக்குத் தெரியும். சந்தேகமே இல்லாமல் தெரியும். "இது பதுங்கன். அசையாதே" என்று உடம்புக்கு உத்தரவும் போட்டான்.

அந்த உத்தரவு போய்ச் சேருவதற்குள் வாய் திறந்துவிட்டது. கழுத்து நெளிந்தது, வயிறு முன்னால் தள்ளியது, பன்றிக்குட்டி தலைகீழாகப் பாறைமேல் வந்து விழுந்தது. சுருளன் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவன் உடம்பு அவனையும் சுமந்துகொண்டு பக்கத்துப் புதருக்குள் போய்விட்டிருந்தது. தன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அவன் போனதில்லை.

புதருக்குள் சுருண்டு கிடந்தபோது அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. துக்கமும் பொங்கி வந்தது. தன் உடம்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று நொந்துகொண்டான். பனிக்காலம் வாசலில் நிற்கிறது. இனி ஒரு பன்றிக்குட்டி எங்கிருந்து வரும்? இனிமேல் எந்த உத்தரவும் போடத் தெம்பில்லாமல், தலையைச் சுருளுக்குள் வைத்துக்கொண்டு செத்தவன்போல் கிடந்தான்.

பதுங்கன் நிதானமாகப் பாறைக்கு ஏறி வந்தான். பன்றிக்குட்டியின் தோல் அங்கங்கே கரைந்து கொழகொழவென்று இருந்தது. அதையெல்லாம் பார்த்தால் பிழைக்க முடியுமா? உட்கார்ந்து தின்றான். ஏதோ ஒரு பெரிய வேலையை முடித்தவனின் திருப்தியோடு தின்றான். தின்றுகொண்டே, வளை வாசலில் நின்ற முள்ளம்மாவிடம் தன் தந்திரத்தை விளக்கினான்.

"அண்ணாச்சி வாய் பயப்படலேன்னுச்சு. நான் வாய்கிட்டப் பேசவே இல்லையே. நேரா வயித்துகிட்டப் பேசினேன்."

"சரி, தின்னாச்சுல்ல. கிளம்பு" என்றாள் முள்ளம்மா.

கிளம்புவதாகத்தான் பதுங்கனும் இருந்தான். அவன் முட்டாள் இல்லை. ஆனால் எழுந்து நின்றபோது வயிறு தரையைத் தொட்டது. வெயில் முதுகுக்கு இதமாக இருந்தது. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தான். பட்டினி கிடந்த உடம்புக்கு வெகு நாளைக்குப் பிறகு வேலை கிடைத்திருக்கிறது. இரத்தம் முழுதும் வயிற்றுக்குப் போய்விட்டது. கால்கள் தொய்ந்தன, தலை கனத்தது. கண்ணை மூடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே மூடிவிட்டான்.

புதருக்குள் சத்தம் எதுவும் வரவில்லை. நிலம் அசையவில்லை. சுருளன் யாரையும் எதுவும் கேட்காமல் கிடந்தான். நெஞ்சு தன்பாட்டுக்கு அடங்கியது. மூச்சு தன்பாட்டுக்கு நிதானமானது. பிறகு, பழைய பசி திரும்பி வந்தது. பசி வந்ததும் நாக்கு வெளியே நீண்டு காற்றைத் தொட்டுப் பார்த்தது. காற்றில் நரி வாசனை இருந்தது. உடம்பு மெல்ல நகர ஆரம்பித்தது. சுருளன் தடுக்கவில்லை, அதட்டவும் இல்லை. கூடவே போனான்.

பாறையில் தூங்கிக்கொண்டிருந்த பதுங்கனின் பிடரி மயிர் சிலிர்த்து நின்றது. நெஞ்சு திக்கென்று ஒரு தட்டு தட்டியது. அவன் ஒற்றைக் கண்ணைப் பாதி திறந்தான்.

"சும்மா கிட" என்று தன் நெஞ்சிடம் சொன்னான். "அவன் ஓடிப்போயிட்டான். பயந்தவன் இன்னைக்கே திரும்பி வருவானா?"

அது நல்ல நியாயம்தான். யாரும் ஒத்துக்கொள்வார்கள். பதுங்கனும் ஒத்துக்கொண்டு கண்ணை மூடினான். மயிர் மட்டும் படியாமல் நின்றது.

சுருளனுக்கு அதன் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. நரி உள்ளே போனான். பன்றிக்குட்டியும் போன வழியே திரும்பி வந்து சேர்ந்தது, துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு.

பனிக்காலம் முழுதாக இறங்குவதற்கு முன் இன்னும் கொஞ்சம் வெயில் மீதமிருந்தது. சுருளன் பாறையில் நீண்டு படுத்தான். இந்த முறை காட்டில் அவனைக் கூப்பிட்டுச் சேதி சொல்ல யாரும் இல்லை. வயிற்றிடம் அவனும் எதுவும் பேசவில்லை. படுத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தூங்கிப் போனான். உள்ளே நெஞ்சும் இரத்தமும் வயிறும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வேர் தேடப் புறப்பட்ட முள்ளம்மாவுக்கு, நடந்ததைப் பற்றி அவனிடம் சொல்ல நிறைய இருந்தது. பாறைவரைக்கும் வந்தவள், அவன் விலா மெதுவாக ஏறி இறங்குவதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல், தரை அதிராதபடி அடிமேல் அடி வைத்து, தொலைவாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

நீதி: தைரியம் பேச வாய்க்குக் கற்றுக்கொடுக்கலாம், உடம்புக்குக் கற்றுக்கொடுக்க முடியாது. அதை அதட்டியவன் இரையை இழந்தான், அது சொன்னதைக் கேட்காதவன் உயிரை இழந்தான்.