வடிவக்காவுக்கு ஓர் இலை

தீர்ப்புச் சொல்ல ஆசையுள்ளவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இந்த வழக்கில் வாதி, பிரதிவாதி இருவருமே செத்துப்போனவர்கள்.

உடன்குடிப் பக்கத்தில் ஒரு குடும்பம். மூத்தவர் பேச்சிமுத்து, அடுத்தவள் வடிவு, கடைக்குட்டி தங்கபாண்டி. தாய் போனபின் வடிவு தனக்குக் கல்யாணமே வேண்டாமென்று தம்பியை வளர்த்தாள். அவன் ஞானசெல்வத்தைக் கட்டி, ஞானஸ்நானம் பெற்று, தானியேல் ஆனான். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தாலும் அக்கா கைச் சோற்றை விடவில்லை.

ஆடி அமாவாசையன்று அந்த வீட்டில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை போடுவார்கள். பிடித்ததைப் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். போனவர்கள் வந்து சாப்பிடுவார்களாம். இலை இல்லாதவர் பசியோடு திரும்புவாராம்.

நோயில் படுத்த தானியேல் அக்காவின் கையைப் பிடித்தான். "எனக்கு இலை போடக் கூடாதுக்கா. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அவன் இறந்த வருஷம் இலையும் போடவில்லை. ஆனால் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தவள், ஒருநாள் ஞானசெல்வத்திடம் சொன்னாள்: "நான் செத்தா எனக்கும் இலை போட விடாத. அவன் பசியோட நிக்கையில நான் சாப்பிடுவனா? அவன் சாப்பிட்டான்னு தெரிஞ்ச பொறவுதான் எனக்குச் சோறு."

 செத்த பின்னும் பட்டினி கிடப்பேன் என்று ஒருத்தி சொல்லி ஞானசெல்வம் கேட்டதில்லை.

அடுத்த ஆடிக்குள் வடிவும் போய்விட்டாள். அமாவாசையன்று பேச்சிமுத்து இரண்டு இலைகளை விரித்தார்.

"எந்த வேதமானா என்ன, பசி பசிதானே. ரெண்டு பேருக்கும் போடுதேன்."

"அவுக வாங்குன சத்தியம் என்னாவுறது, அத்தான்?" என்றாள் ஞானசெல்வம்.

"அப்ப என் தங்கச்சி பட்டினியா கெடக்கவா?" என்று கேட்டவர் அழுதுவிட்டார்.

இறந்தவரோடு பேசுவது ஞானசெல்வத்தின் சபையில் பாவம். படையல் அறைக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. கணவர் இருக்கும் இடத்தில் பசியில்லை என்பது அவள் விசுவாசம். அதை மைனி வடிவிடம் யார் போய்ச் சொல்வது?

அவள் உள்ளே போனாள். ஓர் இலையைச் சுருட்டி எடுத்தாள். மற்றதில் தன் கையாலேயே சோறு வைத்து, முக்காடிட்டு முழங்காலில் நின்றாள்.

"மைனி, உங்க தம்பி சாப்பிட்டாச்சு. அவுகளுக்கு இனிப் பசிக்காது. நீங்க சாப்பிடுங்க."

பேச்சிமுத்து கதவைச் சாத்தினார். எல்லாரும் வெளியே காத்திருந்தார்கள். கோயில் வாசலில் நிற்பது போலிருந்தது ஞானசெல்வத்துக்கு. எந்தக் கோயில் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது சொல்லுங்கள். இரண்டு இலை விரித்த அண்ணன், தன் இலையையே வேண்டாமென்ற அக்கா, தன் சபை விலக்கியதைச் செய்த ஞானசெல்வம்: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஞானசெல்வம்தான். அண்ணனுக்குப் பாசம் உண்டு, ஆனால் செத்தவன் வாங்கிய சத்தியத்தை இருப்பவன் ரத்துச் செய்ய முடியாது. வடிவு சொல் காத்தாள். தம்பி கேட்காத பட்டினியையும் சேர்த்து ஏற்றாள். ஞானசெல்வம் தம்பிக்கு இலை விழாமல் பார்த்துக்கொண்டாள், அக்கா காத்திருந்த சேதியையும் சேர்த்துவிட்டாள். சொன்னது பொய்யுமல்ல, அவள் நம்பியதுதான். சபையில் கேட்டால் என்ன சொல்வாள் என்கிறீர்களா? மைனி பசியோடு நின்றாள், சோறு போட்டேன் என்பாள்.