மணல் மேட்டில் போட்ட கட்டில்

முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றை மகரவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தார். காலையில் ஒன்று நினைப்பார், மதியம் வேறொன்று நினைப்பார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது குடிமக்கள்தான்.

ஒரு நாள் தமது புது மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தார். கடல் தெரியவில்லை. தாழம்புதர் மண்டிய பெரிய மணல் மேடு மறைத்தது. அந்த மேட்டின் மறைவில்தான் மீனவர் குப்பமே இருந்தது.

"இதை வெட்டிவிட்டால் என்ன?" என்றார் ராஜா.

மந்திரி வல்லபராயர் துள்ளி எழுந்தார். குப்பத்துத் தலைவி சிலம்பாயியின் வாய்ச் சாமர்த்தியத்தை மெச்சி ராஜா பட்டுச்சேலை கொடுத்த நாளிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல்.

"தாராளமாக வெட்டலாம் மகாராஜா! தங்கள் ஆணையை மீறிக் கடல் ஓர் அடி எடுத்து வைக்குமா?"

மண்வெட்டிகள் வந்தன. ராயர் சொன்னதைக் கேள்விப்பட்டுச் சிலம்பாயியும் வந்தாள்.

"ராசா, வருஷா வருஷம் கடல் கரையைத் தின்னுக்கிட்டே வருது. முன்ன ஒரு தடவ கடல் பொங்கினப்ப எங்க புள்ளைங்களக் காப்பாத்தினது இந்த மேடுதான். இது போனா குப்பமே போச்சு. நாங்க விட மாட்டோம்!"

"என் ஆணையை மறுக்கிறாயா?" ராஜாவின் மீசை துடித்தது.

"சரி, வெட்டுங்க. ஆனா எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காத்து மோசமா இருக்கிற நாள்ல, 'கடல் ஒண்ணும் செய்யாது, போகலாம்'னு எவன் சொல்றானோ, அவன்தான் முதல் கட்டுமரத்துல ஏறணும். இன்னிக்குச் சொன்னவர் ராயர். வெட்டின இடத்துல அவர் கட்டிலைப் போடுங்க!"

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "போடுங்கள்!" என்றார்.

அன்று அமாவாசை. கடல் ஏறிக்கொண்டிருந்தது. மேட்டில் ஒரு வழி திறந்ததுமே கட்டில் வந்தது. ராயர் வேறு வழியின்றி ஏறி உட்கார்ந்தார். முதல் அலை கட்டில் காலை நனைத்தது. அடுத்த அலை மெத்தையை நனைத்தது. அதற்கடுத்தது கட்டிலோடு ராயரையும் இழுத்தது.

"ஐயையோ! மூடுங்கடா! மேட்டை மூடுங்கடா!" என்று அலறியவரைக் காவலர்கள் பிடித்துக் கரையேற்றினார்கள்.

"கடல் என் ஆணையை மீறாது என்றீரே, ராயரே?"

"சொல்லிப் பார்த்தேன் மகாராஜா, காதிலேயே வாங்கவில்லை!"

வேடிக்கை பார்க்க வந்திருந்த சபையே விழுந்து விழுந்து சிரித்தது. வெட்டிய மணலை ராயரே சுமந்து கொட்ட வேண்டும், தாழையும் அவரே நட வேண்டும் என்று தீர்ப்பானது. தாழை முள் சும்மா விடுமா? பட்டு வேட்டி நார் நாராய்ப் போனது.

சிலம்பாயியிடம் ராஜா முத்துமாலையை நீட்டினார்.

"மாலை எதுக்கு ராசா? இனிமே இந்த மேட்டுல யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாதுன்னு பறையறைஞ்சு சொல்லுங்க."

பறை அறைந்தாயிற்று. ஆனாலும் ராஜாவுக்கு வீம்பு போகவில்லை. "அப்படியானால் நான் கடல் பார்ப்பது எப்படி?"

"நடந்து மேலே ஏறிப் பாருங்க. உக்காந்த இடத்துக்கே கடல் வரணும்னா, அதுவும் வரும் ராசா. ஆனா திரும்பிப் போறப்ப தனியாப் போகாது."

ராஜா செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறினார்.